காலி இருக்கையும் இளஞ்சிவப்புத் தாளும்

ஆட்சியில் இருப்பவர்களை வீட்டுக்கு அனுப்புவது தமிழ்நாட்டு வாக்காளருக்குப் பழகிய வேலை. அமெரிக்க செனட்டில் கதை வேறு. ஒருமுறை அங்கே அமர்ந்தவரைத் தேர்தலில் எழுப்புவது கடினம். புதியவர் ஒருவர் நுழைய வேண்டுமானால் இருப்பவர் ஓய்வு பெற வேண்டும், அல்லது இறக்க வேண்டும். அப்படிக் காலியாகும் இருக்கைதான் பெண்களுக்கு ஓரளவேனும் திறந்த கதவு. ஆனால் அந்தக் கதவருகே ஏற்கெனவே ஒரு வரிசை நிற்கும். மாநில ஆளுநர், முன்னாள் ஆளுநர், பத்திரிகை முதலாளி, 'இந்த முறை என் முறை' என்று நம்பிக்கொண்டிருக்கும் கட்சிக்காரர். அந்த வரிசையில் பெண்ணுக்கு இடம் ஒதுக்கி வைத்தவர் யாருமில்லை.

1948இல் மெய்ன் மாநிலத்திலும் 1950இல் கலிஃபோர்னியாவிலும் இப்படி இரண்டு இருக்கைகள் காலியாயின. இரண்டுக்கும் பெண்கள் போட்டியிட்டார்கள். ஒருவர் வென்றார், ஒருவர் தோற்றார். இருவர்மீதும் வீசப்பட்ட ஆயுதம் ஒன்றே என்பதால் இந்த இரண்டு தேர்தல்களையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் களத்தைப் புரிந்துகொள்வோம். நம் மாநிலங்களவை உறுப்பினர்களைச் சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அமெரிக்காவிலும் 1913 வரை ஏறத்தாழ அப்படித்தான் இருந்தது. அந்த ஆண்டு வந்த அரசமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு செனட் உறுப்பினரை மாநில மக்கள் முழுவதும் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாநிலத்துக்கு இரண்டு பேர், ஆறு ஆண்டுப் பதவிக்காலம். 1948இல் 48 மாநிலங்கள், ஆக 96 இருக்கைகள். பிரதிநிதிகள் அவைக்கு ஒரு தொகுதியில் வென்றால் போதும். செனட்டுக்கு ஒரு மாநிலத்தையே வெல்ல வேண்டும். ஊர் ஊராகச் செல்லப் பணமும் ஆளும் வேண்டும். முகம் தெரியாத இலட்சக்கணக்கானவர்கள் ஒரு பெண்ணின் பெயரை நம்ப வேண்டும்.

1920இல் நாடு முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை சட்டமாயிற்று. தென் மாநிலங்களின் கறுப்பினப் பெண்களுக்கு அது நெடுங்காலம் ஏட்டில் மட்டுமே இருந்தது. 1922இல் செனட்டில் முதலில் அமர்ந்த பெண் ஜார்ஜியாவின் ரெபெக்கா ஃபெல்டன். அப்போது அவருக்கு 87 வயது. நியமனத்தில் வந்தவர், அவர் பதவி ஒரு நாளில் முடிந்தது. கறுப்பின ஆண்களைக் கும்பலாகக் கொல்வதை மேடையில் ஆதரித்துப் பேசியவர் அவர். 'முதல் பெண்' என்ற பட்டத்தைப் பார்த்ததும் மாலையோடு ஓடக்கூடாது என்பதற்கு அவரே சான்று. அடுத்து ஆர்கன்சாஸின் ஹாட்டி காராவே. செனட் உறுப்பினராக இருந்த கணவர் 1931இல் இறந்ததும் அந்த இடத்துக்கு நியமிக்கப்பட்டார். சில மாதங்கள் இருந்துவிட்டு ஆண்களுக்கு வழிவிடுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவரோ 1932இல் முழுப் பதவிக்காலத்துக்கும் நின்று வென்றார்.

அன்றைய அமெரிக்க நாடாளுமன்றத்தின் மகளிர் வாசல் பெரும்பாலும் இதுதான்: கணவனின் மரணம். நம் ஊரில் பூவையும் பொட்டையும் பறிக்கும் கைம்மை அங்கே ஒரு நாற்காலியைக் கொடுத்தது. கொடுத்தது என்றாலும் இரவலாகத்தான். அவள் கணவனின் பெயருக்குக் காவலிருப்பாள். அடுத்த ஆண் தயாரானதும் எழுந்துகொள்வாள். இதுதான் ஏற்பாடு.

மார்கரெட் சேஸ் ஸ்மித்தும் அந்த வாசல் வழியாகத்தான் வந்தார். மெய்ன் மாநிலத்தின் ஸ்கோஹீகன் என்ற ஆலை ஊரில் 1897இல் பிறந்தவர். தந்தை முடிதிருத்துபவர். தாய் உணவகத்தில் பரிமாறியும் காலணித் தொழிற்சாலையில் உழைத்தும் குடும்பத்தைத் தாங்கியவர். ஆறு குழந்தைகளில் மார்கரெட் மூத்தவர். உயர்நிலைப் பள்ளியோடு படிப்பு முடிந்தது. சிறிது காலம் ஆசிரியை, பிறகு தொலைபேசி நிலையம், உள்ளூர்ச் செய்தித்தாள், கம்பளி ஆலை அலுவலகம் என்று வேலை பார்த்தார். 1922இல் தன் ஊரில் உழைக்கும் பெண்களுக்கான சங்கக் கிளையைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். பின்னர் அதன் மாநிலத் தலைவரானார். 1930இல் தன்னைவிட இருபது வயதுக்கும் மேல் மூத்த கிளைட் ஸ்மித்தை மணந்தார். 1936இல் கிளைட் பிரதிநிதிகள் அவைக்குத் தேர்வானபோது கணவரின் செயலாளராக அலுவலகத்தை நடத்தினார். 1940 ஏப்ரலில் கிளைட் இறந்தார். அந்த இடத்துக்கான இடைத்தேர்தலில் மார்கரெட் வென்றார்.

இரவல் நாற்காலியை அவர் திருப்பித் தரவில்லை. எட்டு ஆண்டுகள் தன் உழைப்பால் அதைச் சொந்தமாக்கிக்கொண்டார். கடற்படை விவகாரக் குழுவிலும் பின்னர் ஆயுதப்படைக் குழுவிலும் இடம்பெற்றார். போர்க்காலத்தில் பெண்களைப் படையில் சேர்த்துக்கொண்டு, போர் முடிந்ததும் 'தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம்' என்று இருப்புப் படைக்குத் தள்ளப் பார்த்தார்கள். குழுவில் அதைத் தனியாக எதிர்த்து வாக்களித்தவர் மார்கரெட். பெண்களுக்கு நிரந்தரப் படைப்பணி தரும் சட்டம் 1948 ஜூன் 12 அன்று கையெழுத்தாயிற்று. ஒன்பது நாள் கழித்து மெய்னில் குடியரசுக் கட்சியின் உட்தேர்தல்.

மெய்னின் செனட் உறுப்பினர் வாலஸ் ஒயிட் ஓய்வு பெறுவதாக 1947இல் அறிவித்திருந்தார். அன்று அந்த மாநிலத்தில் குடியரசுக் கட்சியின் கை ஓங்கியிருந்தது. கட்சியின் உட்தேர்தலில் வென்றால் பொதுத்தேர்தல் வெறும் சடங்கு. உட்தேர்தலில் மார்கரெட்டை எதிர்த்து நின்றவர்கள் மூவர்: பதவியில் இருந்த ஆளுநர் ஹோரஸ் ஹில்ட்ரெத், முன்னாள் ஆளுநர் சம்னர் சூவல், கிறித்தவப் போதகர் ஆல்பியன் பெவரிஜ். நம் ஆளுநர்களைப் போல மேலிருந்து நியமிக்கப்படுபவர்கள் அல்ல அங்குள்ள ஆளுநர்கள். மக்கள் தேர்ந்தெடுப்பவர்கள், கட்சி எந்திரத்தைக் கையில் வைத்திருப்பவர்கள். மார்கரெட்டிடம் பணம் குறைவு. அவரிடம் இருந்தது பெண்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சங்கம் சங்கமாகப் பழகிய கடைப் பெண்கள், ஆசிரியைகள், அலுவலகப் பெண்கள், இல்லத்தரசிகள். அஞ்சலட்டை எழுதியவர்களும் வீடு வீடாகச் சென்றவர்களும் அவர்களே. வாரநாளில் வாஷிங்டனில் வாக்கெடுப்பு, வாரக்கடைசியில் மெய்னில் கூட்டம் என்று மார்கரெட் அலைந்தார். பனிக்காலத்தில் வழுக்கி விழுந்து கை முறிந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு அன்று மாலையே பேசப் போனார்.

எதிர் வேட்பாளர் ஒருவரின் மனைவி, செனட்டுக்குப் பெண் சரிப்படுவாளா என்று கேட்டார். மார்கரெட்டின் பதில் புகழ்பெற்றது. வீட்டில் விதி வகுப்பவளும் அதை நடத்துபவளும், மீறினால் நியாயம் சொல்பவளும் பெண்தான். சட்டமன்றம், நிர்வாகம், நீதிமன்றம் மூன்றின் வேலையும் அவளுக்குப் பழகியதே என்றார். கெட்டிக்காரத்தனமான பதில். ஆனாலும் 'வீடு பெண்ணுக்கு' என்ற வாக்கியத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதற்குள்ளிருந்து எடுத்த பதில். தன்னைப் பெண்ணியவாதி என்று அழைப்பதை அவர் விரும்பியதில்லை. சம உரிமைத் திருத்தத்தை ஆதரித்தார். பெண் என்பதற்காக வாக்களியுங்கள் என்று கேட்கவில்லை.

பிறகு வந்தது துண்டறிக்கை. எழுதியவர் பெயர் இல்லை. மார்கரெட் ஸ்மித் நாடாளுமன்றத்தில் வீட்டோ மார்க்கன்டோனியோவோடு சேர்ந்து இத்தனை விழுக்காடு வாக்களித்திருக்கிறார் என்று ஒரு கணக்கு அதில் இருந்தது. மார்க்கன்டோனியோ நியூயார்க்கின் இடதுசாரி உறுப்பினர். 'சிவப்பு' என்றாலே நினைவுக்கு வரும் பெயர். சோவியத் ஒன்றியத்தோடு பனிப்போர் தொடங்கிய காலம் அது. அந்தப் பெயருக்கு அருகில் இன்னொரு பெயரை எழுதினாலே போதும்.

இந்தக் கணக்கின் சூழ்ச்சி எளியது. நாடாளுமன்றத்தில் நூற்றுக்கணக்கான வாக்கெடுப்புகள் நடக்கும். அவற்றில் பலவற்றில் ஏறத்தாழ எல்லாரும் ஒரே பக்கம் நிற்பார்கள். எந்த இரண்டு உறுப்பினரை எடுத்தாலும் ஒத்துப்போன வாக்குகள் ஏராளமாகக் கிடைக்கும். வேண்டியதைப் பொறுக்கி, வேண்டாததை விட்டு, ஒரு எண்ணைக் காட்டினால் அது உண்மை போலத் தோன்றும். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பொய்யில்லை. சேர்த்துப் பார்த்தால் முழுப் பொய்.

அகப்பாடல்களைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஊர்ப்பெண்கள் வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல். அது விரிந்து ஊரறியப் பரவினால் அலர். அலருக்குச் சான்று வேண்டியதில்லை. இவள் பெயரும் அவன் பெயரும் ஒரே மூச்சில் உச்சரிக்கப்பட்டால் போதும். மார்கரெட்டின் பெயரோடு மார்க்கன்டோனியோவின் பெயரை இணைத்தவர்களும் இதைத்தான் செய்தார்கள். பெண் எந்த ஆணோடு சேர்கிறாள் என்று எண்ணுவது ஊருக்குப் பழகிய கணக்கு. வாக்குப்பதிவேட்டுக்கும் அது எளிதாக நீண்டது.

1948 மே மாதம் தன் சொந்த ஊரில் பெண்கள் கூடிய கூட்டத்தில் மார்கரெட் பதில் சொன்னார். அழவில்லை, கெஞ்சவில்லை. ஒவ்வொரு குற்றச்சாட்டையும் எடுத்து வைத்து, தன் வாக்குப்பதிவை அருகில் வைத்து, எது விடுபட்டது, எது திரிக்கப்பட்டது என்று காட்டினார். மாநிலம் சிறியது; அன்று ஏறத்தாழ 9 இலட்சம் மக்கள். ஒரு கூட்டத்தில் சொன்ன பதில் பெண்களின் வழியே ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. ஜூன் 21 அன்று வாக்கு எண்ணியபோது மற்ற மூவரும் சேர்ந்து பெற்றதைவிட அவர் ஒருவர் பெற்றது அதிகம். செப்டம்பர் பொதுத்தேர்தலில் 71 விழுக்காடு. நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் தேர்வான முதல் பெண் அவரே.

இரண்டு ஆண்டு கழித்து, அதே மார்க்கன்டோனியோ கணக்கு கலிஃபோர்னியாவுக்குப் போயிற்று.

அங்கே செனட் உறுப்பினர் ஷெரிடன் டவுனி 1950 மார்ச்சில் உடல்நிலையைக் காரணம் காட்டிப் போட்டியிலிருந்து விலகினார். இருக்கை காலி. ஜனநாயகக் கட்சியில் அந்த இடத்தைக் கேட்டவர் ஹெலன் கஹகன் டக்ளஸ். நியூயார்க் மேடைகளில் நடித்தவர், இசைநாடகங்களில் பாடியவர், நடிகர் மெல்வின் டக்ளஸின் மனைவி. பஞ்சம் பிழைக்கக் கலிஃபோர்னியாவுக்கு வந்த விவசாயக் கூலிகளின் முகாம்களை 1930களின் இறுதியில் பார்த்ததுதான் அவரை அரசியலுக்கு இழுத்தது. 1944இல் லாஸ் ஏஞ்சலிஸ் தொகுதியிலிருந்து பிரதிநிதிகள் அவைக்குத் தேர்வானார். யாருடைய மரணத்தாலும் அல்ல, தன் பெயரில். 1947இல் விலைவாசி ஏறியபோது ஒரு மளிகைக் கூடையை அவைக்குள் தூக்கி வந்து, அன்றாடப் பொருள்களின் பழைய விலையையும் புதிய விலையையும் சொன்னவர். துருக்கி, கிரேக்க நாடுகளுக்கான படையுதவியையும், 'அமெரிக்க விரோத நடவடிக்கை'களைத் தேடிய குழுவின் வேட்டையையும் எதிர்த்து வாக்களித்தவர்.

இந்தத் தேர்தலில் எது பணயம் என்பதையும் பார்க்க வேண்டும். அரசு கட்டும் பாசனத் திட்டத்தின் நீர் ஒரு நில உரிமையாளருக்கு 160 ஏக்கர் வரை மட்டுமே என்பது 1902ஆம் ஆண்டுச் சட்டம். கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் பல்லாயிரம் ஏக்கர் வைத்திருந்தவர்களுக்கு அது தொண்டையில் முள். டவுனி அவர்களுக்காக அந்த வரம்பை நீக்கப் போராடினார். ஹெலன் வரம்பு வேண்டும் என்றார். கடலோர எண்ணெய் மாநிலத்தின் கையில் இருக்க வேண்டும் என்று எண்ணெய் நிறுவனங்கள் விரும்பின. நாட்டின் கையில் இருக்க வேண்டும் என்றார் ஹெலன். நீரும் எண்ணெயும் பற்றித்தான் சண்டை. ஆனால் தேர்தலில் வாக்காளர் கேட்டது நிறத்தைப் பற்றி.

தொடங்கி வைத்தவர்கள் சொந்தக் கட்சிக்காரர்கள். உட்தேர்தலில் எதிர்த்து நின்ற பத்திரிகை முதலாளி மான்செஸ்டர் பாடியின் தரப்பு, அவரை 'இளஞ்சிவப்புப் பெண்' என்றது. மார்க்கன்டோனியோ ஒப்பீட்டையும் செய்தது. ஜூன் 6 அன்று ஹெலன் உட்தேர்தலில் வென்றார். ஆனால் கத்தியைத் தீட்டியாயிற்று. அதை எடுத்துக்கொண்டார் குடியரசுக் கட்சி வேட்பாளர் ரிச்சர்ட் நிக்சன். ஹெலனும் மார்க்கன்டோனியோவும் 354 முறை ஒரே பக்கம் வாக்களித்ததாகச் சொன்ன அறிக்கையை அவர் தரப்பு இலட்சக்கணக்கில் அச்சிட்டது. அச்சிட்ட தாள் இளஞ்சிவப்பு நிறம். முழுச் சிவப்பு என்றால் நிரூபிக்க வேண்டும். வெளிர்சிவப்பு என்றால் கண்ணடித்தால் போதும். மேலும் அது பெண்ணுக்கென்று ஒதுக்கப்பட்ட நிறம். உள்ளாடை வரைக்கும் இளஞ்சிவப்பு என்று நிக்சன் பேசியதாகப் பதிவாகியிருக்கிறது. ஓர் ஆண் வேட்பாளரின் அரசியலை இழிவுபடுத்த அவருடைய உள்ளாடை வரை போக வேண்டியிருக்காது.

நிக்சனே மார்க்கன்டோனியோவோடு நூற்றுக்கும் மேற்பட்ட முறை சேர்ந்து வாக்களித்தவர். கணக்கின் அபத்தத்தைக் காட்ட அதுவே போதும். ஆனால் ஹெலன் தரப்பு என்ன செய்தது? கொரியாவுக்கான உதவி வாக்கெடுப்பில் நிக்சன்தான் மார்க்கன்டோனியோவோடு நின்றார் என்று சொல்லி, அதே சேற்றை எடுத்து எதிரே வீசியது. நிக்சன் சிவப்புக்கு நெருக்கமானவர் என்று யாரும் நம்பத் தயாராக இல்லை. கம்யூனிச வேட்டையில்தான் அவர் பெயர் பெற்றிருந்தார். ஜூன் 25 அன்று கொரியாவில் போர் மூண்டது. மக்கள்தொகை ஒரு கோடியைத் தாண்டிய மாநிலம் அது. அங்கே ஒரு துண்டறிக்கையைத் துரத்திப் பிடிக்கப் பணம் வேண்டும். பணமும் பெரும்பாலான நாளிதழ்களும் நிக்சன் பக்கம். நவம்பரில் நிக்சன் 59 விழுக்காடு, ஹெலன் 41. அதன் பிறகு ஹெலன் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை.

ஒரே ஆயுதம், ஒருவரைச் சாய்த்தது, ஒருவரைச் சாய்க்கவில்லை. ஏன்? மார்கரெட் பதில் சொன்னார், ஹெலன் சேறு வீசினார் என்று ஒழுக்கப் பாடம் சொல்லி முடிக்கலாம். அது நியாயமாகாது. மார்கரெட்டின்மீது அந்தப் பழி ஒட்டுவது கடினம்: அவர் குடியரசுக் கட்சிக்காரர், படை விவகாரங்களில் உறுதியானவர், சிறிய மாநிலத்தில் பலருக்கும் நேரில் தெரிந்தவர். ஹெலனோ உண்மையாகவே பணக்காரர்களின் நீருக்கும் எண்ணெய்க்கும் குறுக்கே நின்றவர். அவரை வீழ்த்துவதில் ஆதாயம் இருந்தது. எதையும் அசைக்காத பெண்ணைப் பேசும் அலர் சில நாளில் அடங்கும். நில வரம்பைப் பேசும் பெண்ணின்மீது எழும் அலரை அடங்கவிடாமல் பணம் பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1948இல் மார்கரெட் நிரூபித்தது 'நான் சிவப்பு இல்லை' என்பதை. 'ஒருவரைச் சிவப்பு என்று சொல்லி ஒழித்துக்கட்டுவது தவறு' என்பதை அல்ல. தன் கழுத்தை அவர் காப்பாற்றிக்கொண்டார். கத்தி அப்படியே இருந்தது. அதே கத்திதான் கலிஃபோர்னியாவுக்குப் போயிற்று.

அந்த இரண்டாவது வாக்கியத்தையும் அவர் சொன்னார், செனட்டில் அமர்ந்த பிறகு. 1950 ஜூன் 1. கலிஃபோர்னிய உட்தேர்தலுக்கு ஐந்து நாள் முன்பு. ஆதாரமின்றிப் பலரையும் கம்யூனிஸ்டு என்று தூற்றிக்கொண்டிருந்த ஜோசப் மெக்கார்த்தியின் போக்கை, பெயர் சொல்லாமல், 96 பேர் கொண்ட அவையின் ஒரே பெண் எழுந்து கண்டித்தார். விமர்சிக்கவும், மக்கள் விரும்பாத கருத்தைக் கொள்ளவும், தனித்துச் சிந்திக்கவும் குடிமக்களுக்கு உரிமை உண்டு என்றார். பயத்தையும் அவதூறையும் ஏணியாக்கித் தன் கட்சி வெல்வதைத் தான் விரும்பவில்லை என்றார். ஆறு செனட் உறுப்பினர்கள் உடன் கையெழுத்திட்டார்கள். மெக்கார்த்தி அவர்களை ஸ்நோ ஒயிட்டும் ஆறு குள்ளர்களும் என்று கேலி செய்தார். 1951 தொடக்கத்தில் விசாரணைத் துணைக்குழுவிலிருந்து மார்கரெட்டை நீக்கி, அந்த இடத்தைப் புதிதாக வந்த ஓர் உறுப்பினருக்குக் கொடுத்தார். அந்தப் புதியவர் கலிஃபோர்னியாவின் ரிச்சர்ட் நிக்சன். ஹெலன் கேட்ட நாற்காலியில் அமர்ந்தவருக்கே மார்கரெட்டின் நாற்காலியும் போயிற்று. இரண்டு தேர்தல்களையும் சேர்த்துப் படிக்க வேறென்ன காரணம் வேண்டும்?

மார்கரெட்டைத் தெய்வமாக்கவும் வரலாறு இடம் தரவில்லை. 1953இல் கம்யூனிஸ்டுக் கட்சியையே சட்டவிரோதமாக்க மசோதா கொண்டுவந்தவர் அவர். அவதூறுக்கு எதிரானவர், அந்தப் பயத்துக்கு வெளியே நின்றவர் அல்லர். ஆனாலும் 1954 உட்தேர்தலில் மெக்கார்த்தியின் ஆதரவோடு வந்த போட்டியாளரை எளிதாக வென்றார். அந்த ஆண்டு டிசம்பரில் மெக்கார்த்தியைக் கண்டிக்கும் தீர்மானத்துக்கு வாக்களித்தார். 1960இல் அவரை எதிர்த்து ஜனநாயகக் கட்சி லூசியா கார்மியரை நிறுத்தியது. செனட் தேர்தலில் இரு பெரிய கட்சிகளின் வேட்பாளர்களும் பெண்களாக இருந்தது அதுவே முதல்முறை. 1972இல் தோற்கும்வரை 24 ஆண்டுகள் மார்கரெட் அந்த அவையில் இருந்தார்.

வகுப்பில் மாணவிகள் கேட்பதுண்டு: பழி வந்தால் பதில் சொல்வதா, பேசாமல் கடந்துபோவதா? இந்த இரண்டு தேர்தல்களும் வேறொரு கேள்வியைக் கற்றுத்தருகின்றன. இந்தப் பழியால் யாருக்கு என்ன மிச்சமாகிறது? நீரா, எண்ணெயா, நிலமா, நாற்காலியா? அதைத் தெரிந்துகொண்டு, அதைக் கூட்டத்தின் நடுவே சொன்னால்தான் பதில் முழுமையாகும். தன்னை மட்டும் கழுவிக்கொள்ளும் பதில் அடுத்த பெண்ணின் தலையில் போய் விடியும்.

மெய்னில் மார்கரெட் அமர்ந்த அதே இருக்கை 1996இல் மீண்டும் காலியானபோது அதை வென்றவர் சூசன் காலின்ஸ், ஒரு பெண். கலிஃபோர்னியா தன் முதல் பெண் செனட் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தது 1992இல். இளஞ்சிவப்புத் தாளுக்குப் பிறகு அந்த மாநிலம் 42 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. ஹெலன் 1980இலேயே இறந்துபோயிருந்தார்.